ஒரு வாய் வெள்ளம்

வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் மேஜர் தவசிலிங்கம் கையை நீட்டி அந்த டம்ளரை எடுக்கவில்லை. எடுத்தால் குடிக்க வேண்டும், குடித்துவிட்டால் பேச வேண்டும், பேச வந்தது ஒரே ஒரு கேள்வி. அதற்காகத்தான் லீவில் கமுதிக்குப் போகிறவர் வழியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி, ஜீப் மாறி, போன வருஷம் தன் ஆட்களோடு வந்திறங்கிய இந்தக் கேரளத்து மலைக்கே மறுபடி ஏறி வந்து, யாரோ வாடகைக்கு இருக்கிற ஓட்டு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். உங்கப்பாவுக்கு மலையாளம் பேச வருமா? அவ்வளவுதான் கேள்வி. ரேஷன் கடைக்காரர்கூடக் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி. வராது என்று அவள் சொல்லிவிட்டால் இவர் மனுஷன். வரும் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் என்ன என்று யோசிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நின்ற ஆள்தான், ஆனால் இது வேறே. அந்தப் பெண், ஜெயசீலி, முப்பது வயது இருக்கலாம், கதவைத் திறந்து பெயரைக் கேட்டதும் ஒரு நொடி அப்படியே நின்றாள், பிறகு, "உள்ள வாங்க சார், டீ போடுதேன், இப்ப ஆயிரும்" என்று தண்ணீரை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். தமிழ்தான். நல்ல திருநெல்வேலித் தமிழ். அவர் மூச்சு கொஞ்சம் இறங்கியது. இறங்கி முடிவதற்குள் பின்வாசலில் அவளுடைய குரல் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கேட்டது, "சேச்சீ, இத்திரி பால் தருவோ?" தடங்கல் இல்லை, தயக்கம் இல்லை, இந்த மண்ணில் பிறந்தவர்கள் கேட்கிற மாதிரியே கேட்டாள். மகளுக்கு இவ்வளவு வருமானால் அப்பனுக்கு எவ்வளவு வரும்? இல்லை, மகள் இங்கே பள்ளிக்கூடம் போனவள், அப்பன் அப்படி இல்லை, எஸ்டேட்டில் கொழுந்து மூட்டை சுமந்தவர். ஆனால் வாழ்நாளில் பாதிக்குமேல் இங்கேயே சுமந்தவர். கங்காணியும் மலையாளி, கடைக்காரரும் மலையாளி. வராமலா இருந்திருக்கும்?

எதிர்ச் சுவரில் அவள் அப்பா சவரிமுத்துவின் படம் இருந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில், சின்னச் சிவப்பு பல்பு எரிய, ஏதோ கார்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிய படம், அதனால் முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது. இந்த முகத்தை மேஜர் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறார். அவருக்குத் தெரிந்தது கை மட்டும். விரல்கள், தேயிலைக் கறை ஏறிய நகங்கள், மணிக்கட்டில் கறுத்த ஒரு ஜெபமாலைக் கயிறு. படத்தில் கை இல்லை. தோள்பட்டையோடு முடிந்துவிட்டது. கை மட்டும் தெரிந்தவருக்கு முகத்தை மட்டும் காட்டுகிறார்களே என்று நினைத்தார், உடனே பார்வையை எடுத்து டம்ளரைப் பார்த்தார். டம்ளரில் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேசை ஆடுகிறதா, தன் முழங்கால் மேசையில் இடிக்கிறதா என்று பார்த்தார். முழங்கால்தான். அடக்கிவைத்தார். அன்றைக்கு இந்த முழங்கால் நடுங்கவில்லை. அன்றைக்கு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மரமும் கல்லும் செத்த மாடும் உருட்டிக்கொண்டு வந்த காட்டாற்றில் முதல் ஆளாக இறங்கியவர் இவர்தான், பொய்யில்லை, அதை இவரே மறுக்க முடியாது. அக்கரையில் மலை சரிந்து எஸ்டேட் ஆட்களின் லயத்து வீடுகள் வரிசையோடு புதைந்து கிடந்தன. கயிற்றைக் கட்டி, மரத்தைப் போட்டுப் பாலம் மாதிரி ஒன்றைச் செய்து, தோண்டித் தோண்டி ஆட்களை எடுத்தார்கள். பச்சை உடம்புக்காரி ஒருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு இவரே கடந்தார், அவள் பிள்ளையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார், அது வழியெல்லாம் அழுதது, அழுதவரைக்கும் சந்தோஷம் என்று நடந்தார். விடிந்து வெகுநேரம் ஆகியும் வெளிச்சம் வரவில்லை, மழை விடவில்லை. அப்போதுதான் அந்தக் கான்கிரீட் விட்டத்துக்கு அடியிலிருந்து கை தெரிந்தது. இவர் சேற்றில் குப்புறப் படுத்து அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கை பிடித்துக்கொண்டது. உயிர் இருக்கிறது. கேரளம், எனவே மலையாளி, வேறு யோசனையே வரவில்லை. தன் படையில் இருந்த நாயக் ஷைஜு சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தையை எடுத்து விட்டார், பேடிக்கண்டா, பேடிக்கண்டா, பயப்படாதே. இவர் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அண்ணே என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதுமே. எல்லாம் அங்கேதான் சிக்கிக்கொண்டது. அடியிலிருந்து குரல் வந்தது. மண் அப்பிய வாய், முனகல் மாதிரி, ஆனால் தெளிவாக ஒரே வார்த்தை. வெள்ளம். மறுபடி, வெள்ளம், வெள்ளம்.

கமுதிக்காரர் காதில் அது எப்படி விழும்? வெள்ளம் என்றால் வெள்ளம். கண்மாய் உடைந்து வருமே அது. வாழ்க்கையில் அவர் ஊர் அதை ஒருமுறையோ இரண்டு முறையோதான் பார்த்திருக்கும், ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடும். மேலே இருந்து வரப்போகிறது என்று இந்த ஆள் சொல்கிறார், பூமிக்குள் காது வைத்துக் கிடக்கிறவருக்கு நமக்கு முன்னால் கேட்டிருக்கும். இவர் எழுந்து கத்தினார். எல்லோரும் மேலே, பள்ளிக்கூட மேட்டுக்கு, எடுத்த ஆட்களைத் தூக்கிக்கொண்டு இந்த நிமிஷமே மேலே. ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை, பட்டாளத்தில் கேட்கமாட்டார்கள். இவர் கடைசியாகக் கிளம்பினார். கையை விட மனசில்லை, திரும்பிக் குனிந்து ஒருமுறை பிடித்தார். அந்த விரல்கள் இவர் உள்ளங்கையில் ஒருமுறை அழுந்தின. பிறகு அவையே விட்டன. இவர் ஓடினார். இடுப்பில் தண்ணீர் பாட்டில் தொடையில் இடித்து இடித்துக் களக் களக் என்றது. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது மலை இரண்டாவது முறை இறங்கிக்கொண்டிருந்தது. பாலமும் லயமும் விட்டமும் எல்லாமும் ஒரே சேறாகப் போயின. மேலே ஏறிய இருபத்துச் சொச்சம் பேரும் தன் ஆட்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ இவர் காலில் விழுந்தார்கள். இவர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தார். முழுப் பாட்டில். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் குடித்த இடத்திலேயே நினைப்பு நின்றுவிடும். அடுக்களையில் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. பால் வந்துவிட்டது போல. இன்னும் கொஞ்ச நேரம்தான். எழுந்து போய்விடலாமா? அவசர அழைப்பு வந்தது தங்கச்சி, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினால் ஜீப் முக்கில் நிற்கும். ஆனால் ஷைஜு இவ்வளவு தூரம் விசாரித்து, முகவரி தேடி எழுதிக் கொடுத்திருக்கிறான். ஷைஜு நல்ல பையன். எல்லாவற்றுக்கும் காரணமும் அவன்தான். அந்த வாரக் கடைசியில் கூடாரத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் ஜக்கைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். "சாரே, கொறச்சு வெள்ளம் எடுக்கட்டே?" இவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கடா வெள்ளம் என்றார். ஷைஜு சிரித்தான், ஜக்கை ஆட்டிக் காட்டினான். "இது சார். குடிக்கிற வெள்ளம். ஞங்ஙள் தண்ணிக்கு வெள்ளம்னுதான் பறயும்." மற்றவர்களும் சிரித்தார்கள். இவரும் சிரித்ததாக ஞாபகம். பிறகு எழுந்து கூடாரத்துக்குப் பின்னால் போய், தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தார்.

அப்படியானால் அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். சேற்றுக்குள் புதைந்து, வாயெல்லாம் மண்ணாக, சாகப்போகிற மனுஷன் ஒரு வாய் தண்ணீர் கேட்டிருக்கிறார், இடுப்பில் முழுப் பாட்டிலைக் கட்டியிருந்த ஆள் அதைக் கேட்டுவிட்டு எழுந்து ஓடியிருக்கிறான். உள்ளங்கையில் அழுந்தியதே விரல், அது போகாதே என்று கெஞ்சியது. ஓடிய நேரத்தில் மலை இறங்கியது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பத்திரிகைக்காரர்கள் விட்டார்களா? வெள்ளம் வருமுன் அணை போட்ட மேஜர் என்று தலைப்பு வைத்தான் ஒருத்தன். முன்னுணர்வு என்று எழுதினான் இன்னொருத்தன். இப்போது மெடல் அறிவித்திருக்கிறார்கள், அதிலும் அந்த முன்னுணர்வு வருகிறது. காக்கைக்கு மெடல். கமுதியில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்களாம், வாசலில் பந்தல் போடப்போகிறார்களாம், மனைவி மங்கையர்க்கரசி போனில் சொல்லிச் சிரித்தாள், உங்க மூக்கு பிளெக்ஸ்ல இன்னும் பெரிசா இருக்கு என்றாள். இவர் ம் என்றார். அவளிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள், எப்படியோ இத்தனை உயிர் பிழைத்ததே என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அம்மா அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டாள். சின்ன வயசில், குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலத்தில், உச்சிவெயிலில் வாசலில் நின்று தண்ணி கேட்ட வளையல்காரனிடம் இவர் இல்லை என்று சொன்னதற்கு, அரைக்குடம் இருந்தது, குடத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார், அம்மா பளாரென்று அறைந்தாள். தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காதவன் வீடு வெளங்குமாடா என்று அந்த வளையல்காரன் பின்னாலேயே செம்பைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடினாள். அந்த அம்மா வயிற்றில் பிறந்தவர்தான் இந்த மேஜர். ஒரு வருஷமாக அவருக்குக் குழாய்ச் சத்தம் ஆகாது. சாப்பிடும்போது தண்ணீர் எடுப்பதில்லை. எடுத்தால் விரல்கள் உள்ளங்கையில் அழுந்தும்.

பிறகு போன மாதம் ஷைஜு அந்த ஆளின் பெயரோடு வந்தான். அந்த இடத்து விட்டத்துக்கு அடியில் கிடந்தது யார் என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார், எதற்கு என்று சொல்லவில்லை. "சவரிமுத்துன்னு பேரு சார். தமிழர்தான். பண்டு சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து வந்நவரு." தமிழர். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. தமிழர் என்றால் தண்ணீருக்குத் தண்ணி என்பார், வெள்ளத்துக்குத்தான் வெள்ளம் என்பார். அப்படியானால் அவர் கேட்கவில்லை, சொன்னார். அந்த மூச்சை முழுசாக விட ஷைஜு விடவில்லை. "பக்ஷே இவிடத்துத் தமிழர் எல்லாம் எங்களவிட நல்லா மலையாளம் பேசும் சார்" என்றான். அதுவும் இவர்தானே மலையாளத்தில் ஆரம்பித்தது? பேடிக்கண்டா என்று மலையாளத்தில் ஒரு குரல் வந்தால், அடியில் கிடக்கிறவர் மேலே இருப்பது மலையாளி என்றுதானே நினைப்பார்? மலையாளியிடம் தண்ணீர் கேட்க வேண்டுமானால் மலையாளத்தில்தானே கேட்பார்? தமிழர் என்பதால் மட்டும் எதுவும் தீரவில்லை. வாயில் மலையாளம் வருமா வராதா, அது தெரிய வேண்டும். தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்பார்கள், இவருக்கு அந்தப் பழமொழியில்கூட அந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான் வந்து நின்றது. டீ கொதிக்கிற வாசனை வந்தது. இஞ்சி தட்டுகிறாள். எப்படி ஆரம்பிப்பது? உங்கப்பா மலையாளப் படம் பார்ப்பாரா என்று சுற்றிவளைத்துக் கேட்கலாம். சர்ச்சில் எந்த மொழிப் பூசைக்குப் போவார் என்று கேட்கலாம். கேட்பது எதற்கு என்று அவள் கேட்டால்? இன்னொரு பயம் இப்போதுதான் முளைத்தது, ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. அந்த வார்த்தையை இவர் சொன்னால் அது இவள் காதில் எந்த மொழியில் விழும்? மலையாளப் பள்ளிக்கூடத்துப் பெண். வெள்ளம் என்றார் உங்கப்பா என்று சொன்னால், எங்கப்பா தண்ணி கேட்டாரா, நீங்கள் கொடுத்தீர்களா என்றுதான் கேட்பாள்.

டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் ரஸ்க். அவள் தட்டை வைத்துவிட்டுத் தொடாத தண்ணீரைப் பார்த்தாள். எதிரே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அவளுக்கும் ஏதோ பயம் என்பது இவருக்கு அப்போதுதான் புரிந்தது. இவர் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"நீங்க அப்பாவ உசுரோட பாத்தீங்களா சார்?"

"முகத்தப் பாக்கல தங்கச்சி. கையத்தான் பிடிச்சேன். உசுர் இருந்துச்சு."

"நான் அன்னைக்கு டவுன்ல நாத்தனார் வீட்ல இருந்துட்டேன்." முந்தானை மறுபடி விரலில் ஏறியது. "ஏதாவது பேசுனாரா சார்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மயக்கத்தில் இருந்தார், வலி தெரியாமல் போய்விட்டார் என்று சொல்லலாம், எத்தனையோ வீடுகளில் எத்தனையோ தாய்மாரிடம் பட்டாளத்துக்காரர்கள் சொல்கிற பொய்தான், அதற்குப் பாவம் கிடையாது. இவர் வாய் அந்தப் பொய்க்குத் தயாராகத்தான் திறந்தது. அதற்குள் பார்வை அவள் தலைக்கு மேலே அந்தக் கலங்கின முகத்தில் போய் விழுந்தது.

"பேசினாரும்மா. ஒரே வார்த்தைதான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "வெள்ளம்னு சொன்னாரு."

அவள் விரல் நின்றது. முகம் அப்படியே நின்றது. பிறகு கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. முடிந்தது என்று நினைத்தார் மேஜர், இவள் காதில் அது தண்ணீராக விழுந்துவிட்டது, இனி இவள் கேட்பாள், நான் சொல்வேன், பாட்டில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுவேன்.

"வெள்ளம்னா சொன்னாரு?" என்றாள். "நல்லாக் கேட்டீங்களா சார்? தண்ணின்னு சொல்லலையே?"

"இல்லம்மா. வெள்ளம்னுதான்."

அவள் அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது. "ஸ்கூல் விட்டு வந்து, அப்பா வெள்ளம் தாங்கன்னு கேப்பேன் சார். தரவே மாட்டாரு. டம்ளரத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு. ஏட்டி, வெள்ளம் வந்தா ஊரே போயிரும், தண்ணின்னு கேளு தாரேன்னு சொல்லுவாரு. நான் குதிச்சுக் குதிச்சுப் பாத்துட்டுத் தண்ணின்னு சொன்ன பெறவுதான் தருவாரு. மலையாளம் நல்லாப் பேசுவாரு சார், அதெல்லாம் சண்டை போடுற அளவுக்குப் பேசுவாரு. ஆனா இந்த ஒத்த வார்த்தை மட்டும் அவரு வாயில வராது. மலையாளத்தான் கடையில போயிகூட, சேட்டா, தண்ணி தாங்கன்னுதான் கேப்பாரு. கடைக்காரரு கேலி பண்ணுவாரு. அப்பா மாத்திக்கிடவே மாட்டாரு."

மேஜருக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாத நிம்மதி, உடம்பெல்லாம் விட்டுப்போனது, நாற்காலி முதுகில் சாய்ந்துவிட்டார். தவிச்ச வாயை விட்டுவிட்டு ஓடவில்லை, அம்மா அறையமாட்டாள். அந்த நிம்மதி ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை, அதற்குப் பின்னால் வேறொன்று வந்துவிட்டது. கேட்கவில்லை என்றால் சொன்னார். தெரிந்து சொன்னார். நெஞ்சில் விட்டம் கிடக்கும்போது, பிடித்துக்கொண்ட ஒரே கையிடம், போ என்று சொன்னார். உள்ளங்கையில் அழுந்தினதே விரல், அது கெஞ்சவில்லை. தள்ளியது. ஓடு என்று ஒரு தள்ளு தள்ளிவிட்டு, தானே பிடியை விட்டது. ஒரு வருஷமாகத் தப்பாக வைத்திருந்த உள்ளங்கையை அவர் மடியில் விரித்துப் பார்த்தார்.

"எங்கள அனுப்பி வச்சது உங்கப்பாதாம்மா," என்றார். "அத்தன பேரும் பொழச்சது அவரு சொன்னதாலதான். நான் கேட்டு ஓடுனவன், அவ்வளவுதான். மெடல்ல என் பேரப் போட்டுட்டாங்க. நான் சொல்லிருவேன். எல்லாருட்டயும் சொல்லிருவேன்."

அவள் தலையை ஆட்டினாள், மெடலைப் பற்றி அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்தாள். இத்தனை நேரமாக முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"ஒரு வருசமா எனக்கு ஒரே நெனப்பு சார். கடைசியில தண்ணி தவிச்சிருக்குமே, யாருட்டயாவது கேட்டிருப்பாரே, யாரும் குடுத்திருக்க மாட்டாங்களேன்னு. ஒரு டம்ளரு எடுத்தா அந்த நெனப்புதான். அவருக்குத் தவிக்கலையா சார்?"

பொய் சொல்ல இடம் இருந்தது, சொல்லவில்லை.

"தவிச்சிருக்கும் தங்கச்சி," என்றார். "ஆனா அவரு அதக் கேக்கல."

அடுக்களையில் எதையோ அடுப்பிலிருந்து இறக்காமல் விட்டிருந்தாள், அது பொங்கி அணைகிற சத்தம் கேட்டது, இருவரும் எழவில்லை. மேஜர் கையை நீட்டி டம்ளரை எடுத்தார். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். காலி டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடும்மா."